பகுதி பகுதியாய் ஒரு நெடுவழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்கே, அப்பலாச்சிய மலைத்தொடரின் முகடுகளை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை செல்கிறது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கும் அப்பாதை, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையுச்சியில் முடிகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஒரே பயணமாக அதனை நடந்து முடிப்போர் ஐந்து முதல் ஏழு மாதங்கள் மலையிலேயே வாழ்கின்றனர். புகழ் பெரும்பாலும் அவர்களையே சேர்கிறது. ஆயினும், ஆண்டுக்கு ஒரு வாரமோ இரு வாரமோ நடந்து, விட்ட இடத்திலிருந்து மறுஆண்டு தொடர்ந்து, பத்து இருபது ஆண்டுகளில் அதே பாதையை முடிப்போரும் உளர். அவர்களைப் பகுதி நடையர் எனலாம்.

இம்முறையைத் தாழ்வாக எண்ணுவோர் பாதையின் வரலாற்றை அறியாதவராவர். 1921ஆம் ஆண்டில் இப்பாதைக்கான திட்டத்தைக் கட்டுரையாக வெளியிட்டவர் பென்டன் மெக்கே என்னும் வனவியலாளர். நகரத்தில் உழைத்துக் களைத்தோர் விடுமுறை நாள்களில் மலைக்கு வந்து இளைப்பாற வேண்டும் என்பதே அவர் கனவு. அக்கனவைத் தரையில் வரைந்த பெருமை மைரன் ஏவரிக்கு உரியது. வழக்கறிஞரான அவர், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அளவைச் சக்கரத்தை உருட்டியவாறு மலைவழிகளை நடந்து அளந்தார். 1936இல் முழுத்தொலைவையும் நடந்து முடித்தார். பாதை அமைக்கும் பணியோ 1937இல்தான் நிறைவுற்றது. பாதை முடியுமுன்னரே பாதையை முடித்துவிட்டவர் அவர்! ஒரே பயணமாக நடந்ததாக முதலில் அறிவித்த ஏர்ல் ஷாஃபர், போரிலிருந்து திரும்பிய வீரர். அவர் நடந்த ஆண்டு 1948. ஆக, இப்பாதையை முழுவதும் நடந்த முதல் மனிதரே ஒரு பகுதி நடையர்தான்.

பகுதி நடை எளிதெனக் கருதுவதும் பிழை. தொடர்ந்து நடப்பவரின் கால்கள் முதற்சில வாரங்களில் உரமேறிவிடும்; பின்னர் ஏற்றமும் சுமையும் உடலுக்குப் பழகிவிடும். பகுதி நடையரோ ஒவ்வோர் ஆண்டும் மென்பாதங்களோடு புதிதாகத் தொடங்குகிறார். கொப்புளங்கள் ஆறி, மூச்சு சீராகி, நடை கைவரும் வேளையில் விடுமுறை தீர்ந்துவிடுகிறது. இறங்கிய சாலைக்கு மறுஆண்டு வந்து சேர்வதே தனிப் பயணம். அதற்குரிய செலவும் தனி. வர்ஜீனியா மாநிலத்தில் மட்டும் பாதையின் நான்கில் ஒரு பங்கு கிடக்கிறது. ஆண்டுக்கு இரு வாரம் நடப்பவருக்கு அம்மாநிலமே சில ஆண்டுகளை விழுங்கிவிடும். இதற்கிடையே பிள்ளைகள் வளர்கின்றனர், பெற்றோர் நோயுறுகின்றனர், உடன் நடந்த நண்பர் வேற்றூருக்குப் பெயர்கிறார். இவற்றுள் எதையும் கைவிடாமல் நடையையும் கைவிடாதிருப்பதற்கு வேண்டிய உறுதி, ஐந்து மாதம் தொடர்ந்து நடப்பதற்கு வேண்டிய உறுதியினும் குறைந்ததன்று.

பாதையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மண்ணரிப்பைத் தவிர்க்கவும், வாகனச் சாலையிலிருந்து விலக்கிக் காட்டுக்குள் கொண்டுசெல்லவும் அதன் தடம் அவ்வப்போது மாற்றப்படுகிறது. தென்முனையே 1958இல் ஓகில்தார்ப் மலையிலிருந்து ஸ்பிரிங்கர் மலைக்கு மாறியது. மரங்களில் தீட்டப்பட்ட வெண்பட்டைகளே இன்றும் வழிகாட்டிகள். அவற்றைப் புதுப்பிப்போருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். பாதையைப் பேணும் அமைப்பு, முழுவதும் நடந்தோரை 'ஈராயிர மைலர்' எனப் பதிவு செய்கிறது. எத்திசையில், எவ்வரிசையில், எத்தனை ஆண்டுகளில் நடந்தார் என்பது கணக்கில் இல்லை. சான்று கேட்பதும் இல்லை. நடந்தவர் சொல்லே போதும்.

ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட், பதினொரு பிள்ளைகளின் தாய். 1955இல், தம் 67ஆம் வயதில், தாமே தைத்த துணிப்பையைத் தோளில் தொங்கவிட்டு, சாதாரணத் துணிக்காலணியுடன் தனியாகவே பாதை முழுவதையும் ஒரே பயணமாக நடந்து முடித்தார். நாளிதழ்கள் அவரைக் கொண்டாடின. 1957இல் மீண்டும் ஒரு முறை அவ்வாறே நடந்தார். எழுபதைக் கடந்தபின் மூன்றாம் முறையும் அப்பாதையை முடித்தார்; அம்முறை பகுதி பகுதியாக.