வண்டலூருக்குத் தெற்கே எந்த மரம் வைக்கலாம்?

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர் 24 அன்று வண்டலூரில்தான் தொடங்கியது. மாநிலத்தில் காடும் மரமுமாக உள்ள பரப்பைப் பத்தாண்டுகளில் 33 சதவீதமாக்குவது இலக்கு. அங்கிருந்து காட்டாங்குளத்தூர் ரயிலில் சில நிறுத்தங்கள்தான். இந்தப் பக்கத்தில் கன்றுகளோடு கூடவே சில தவறான நம்பிக்கைகளும் ஊன்றப்படுகின்றன.

“வெறும் புதர்தானே, அழித்துவிட்டு மரம் வைப்போம்.”

அதிகச் சேதம் செய்வது இந்த நம்பிக்கைதான். வண்டலூர், நன்மங்கலம் பக்கம் புதராகத் தெரிவதில் பெரும்பகுதி சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். காயா, உலக்கைப்பாலை, உசிலை எல்லாம் தலைமுறைகளாக விறகு வெட்டியும் ஆடு மேய்ந்தும் குட்டையாகிக் கிடக்கின்றன. வேர் சாகவில்லை. வெட்டும் மேய்ச்சலும் நின்றால் அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கும். பொக்லைனை விட்டுக் கட்டையைப் பிடுங்கிக் குழி தோண்டுகிறவர், இருந்த காட்டை அழித்துவிட்டு இல்லாத காட்டுக்குக் கன்று வாங்குகிறார். முதலில் வேலி போடுங்கள். இரண்டு மழைக்காலம் போகட்டும். எது தானாக வருகிறது என்று பார்த்துவிட்டு, இடைவெளியில் மட்டும் நடலாம்.

“கருவேலம் என்றாலே ஒழிக்க வேண்டியது.”

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் அகற்றச் சொன்னது சீமைக்கருவேலத்தை. நாட்டுக் கருவேல் வேறு: பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தது போலிருக்கும். சீமைக்கருவேலம் நீளக் கதிராகப் பூக்கும். நாட்டுக் கருவேலின் காய் ஆட்டுக்குத் தீனி, கட்டை ஏருக்கும் வண்டிக்கும் ஆனது. மரம் ஏரித் தண்ணீரில் நின்றாலும் அழுகாது. வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும் மரங்களில் அதுவும் ஒன்று. சீமைக்கருவேலத்திலும் விறகு, கரி என்று பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. மாற்று வழி காட்டாமல் ஒரே மூச்சில் வேரறுப்பது அவர்கள் அடுப்பில் கை வைப்பதுதான்.

“நாட்டு மரத்தில் காசு வராது.”

சவுக்கு நான்கைந்து ஆண்டில் காகித ஆலைக்கும் சாரத்துக்கும் விலை போகும். அந்த வேகத்துக்கு நாட்டு மரம் ஈடுகொடுக்காது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் சவுக்கில் வருவது நிலம் வைத்திருப்பவரின் பணம். நிலமில்லாதவருக்கு ஆண்டுதோறும் சில்லறையாக வருவது நாவல்பழம், வேப்பங்கொட்டை, புங்கங்கொட்டை, உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்பு. செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் இயங்குகிறது. மூலிகையும் நாற்றங்காலும் அதன் தொழில். கன்றுப் பட்டியல் போடும் கூட்டத்துக்கு இப்படிப்பட்டவர்களைக் கூப்பிடுவது அபூர்வம்.

“வர்தா புயலில் விழுந்ததெல்லாம் வெளிநாட்டு மரம்.”

2016 டிசம்பர் 12 புயலில் அவை நிறைய விழுந்தன, உண்மை. சிமென்ட்டுக்கு நடுவே வேர் ஓட வழியில்லாத நாட்டு மரங்களும் சாய்ந்தன.

“நாட்டு மரம் எங்கும் வரும், எப்போதும் நடலாம்.”

நீர்மருதைப் பாறை மேட்டில் வைத்தால் காய்ந்துவிடும்; அதற்கு ஏரிக்கரையும் ஓடையோரமும்தான் வேண்டும். புங்கம் பெரும்பாலும் எங்கும் ஒட்டிக்கொள்ளும். பனைக்குக் கன்றே வேண்டாம், கரையில் விதையை ஊன்றினால் போதும், நுங்குக்குப் பொறுமைதான் வேண்டும். தொன்றுதொட்டு இருப்பதெல்லாம் இந்த மண்ணுடையதும் அல்ல: புளி ஆப்பிரிக்காவிலிருந்தும் கொடுக்காப்புளி அமெரிக்கக் கண்டத்திலிருந்தும் வந்தவை. அதற்காகப் புளியமரத்தை யாரும் வெட்டப் போவதில்லை, வெட்டவும் வேண்டாம்.

நடும் நாள் இன்னொரு தொல்லை. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்று வெயிலில் கன்றை நட்டுப் படம் எடுக்கிறோம். இந்தப் பக்கத்துக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி முதல் மழையில் நட்டால் மார்கழி வரை லாரித் தண்ணீர் அதிகம் தேவைப்படாது.