மில் வேனுக்கு யார் பணம் போடுவார்கள்?

அன்புள்ள தம்பி,

உன் திரைக்கதையைப் படித்து முடித்தேன். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்கு நைட் ஷிஃப்ட் போகும் பெண்கள், ஊர் ஊராக நின்று அவர்களை ஏற்றிக்கொள்ளும் மில் வேன், எல்லாமே ஒரே இரவில். நன்றாக வந்திருக்கிறது. டிரைவரின் பாட்டுக்கேசட் சண்டையை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். அதை நேரில் பேசுவோம்.

சுயாதீனப் படங்களுக்கு நிதி தரும் அமைப்புகளின் பட்டியல் கேட்டிருக்கிறாய். பட்டியல் உனக்கு எங்கும் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, எங்கிருந்தும் பதில் வராமல், ‘இதெல்லாம் இங்கிலீஷ் பேசுகிறவனுக்குத்தான்’ என்று ஒதுங்கிப்போன பையன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்குக் காரணம், எந்தப் பணம் எதற்கானது என்று பார்க்காமல் கேட்டது.

ஒரு முழுப் படத்துக்கும் சேர்த்துப் பணம் தரும் நிதி என்று அநேகமாக எதுவும் கிடையாது. படத்தின் ஒரு கட்டத்துக்குத்தான் தருவார்கள். ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதியை எடுத்துக்கொள். அந்த விழாவைத் தொடங்கியவர் பெயரில் 1988 முதல் நடக்கிறது. திரைக்கதை வளர்ச்சிக்கு அவர்கள் தரும் தொகை 10,000 யூரோ. நம் கணக்கில் ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய். யூனிட்டைக் கூட்டிக்கொண்டு போனால் பேட்டாவுக்கும் சாப்பாட்டுக்குமே சீக்கிரம் கரைந்துவிடும். ஆனால் அது ஷூட்டிங்குக்கான பணமே இல்லை. நீ வேலையை விட்டுவிட்டுச் சில மாதம் உட்கார்ந்து எழுத, அந்த வேனில் ஏறிப்போய்வர, இடம் பார்க்க, தயாரிப்பாளர் தேட. பெர்லின் விழா 2004இல் தொடங்கிய வேர்ல்ட் சினிமா ஃபண்ட் தயாரிப்புக்கே பணம் தரும். ஆனால் ஒரு ஜெர்மன் தயாரிப்பு நிறுவனம் சேர வேண்டும். எல்லா நாட்டுப் படங்களையும் எடுத்துக்கொள்வதில்லை, இந்தியப் படத்துக்கு இடம் உண்டா என்று முதலில் விதிகளைப் பார். பூசான் விழாவின் ஏசியன் சினிமா ஃபண்டில் போஸ்ட் புரொடக்‌ஷனுக்கென்று தனியாக உண்டு. அங்கே போக எடுத்து முடித்த படம் கையில் வேண்டும். உன்னிடம் இன்றைக்கு இருப்பது திரைக்கதை மட்டும். ஆகவே இப்போது உனக்குத் திறந்திருக்கும் கதவுகள் குறைவு. அது நல்லதுதான், நேரம் மிச்சம்.

சின்னத் தொகைதானே என்று நினைத்துவிடாதே. அதன் மதிப்பு பணத்தைவிட அது போடும் முத்திரையில் இருக்கிறது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டே அருண் கார்த்திக் எடுத்த ‘நசீர்’ திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து வந்தது. ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளரின் ஒரு நாள். ஹூபர்ட் பால்ஸ் நிதியும் நெதர்லாந்து இணைத் தயாரிப்பும் சேர்ந்துதான் அந்தப் படம் ஆனது. 2020இல் ராட்டர்டாமில் நெட்பாக் விருது பெற்றது. சைதன்ய தம்ஹானேயின் ‘கோர்ட்’ படத்துக்கும் அதே நிதி தொடக்கத்தில் கைகொடுத்தது. பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ 2024இல் கானில் கிராண்ட் பிரீ வாங்கியபோது எல்லோரும் கைதட்டினோம். பிரான்ஸ், நெதர்லாந்து, லக்சம்பர்க் என்று இடம் இடமாகப் பணம் சேர்த்து எத்தனை வருடம் ஓடியது என்பதை அந்த ராத்திரி யாரும் பேசவில்லை. ஓர் இடத்தின் முத்திரை அடுத்த இடத்தில் உன்னை ஆளாக நிறுத்தும். அந்த வரிசைக்கு ஆகும் காலத்தைத் தாங்க முடியுமா என்று இப்போதே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடு.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். தேர்வுக் குழுவில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் படித்திருக்கிறேன். முக்கால்வாசி ஒரே மாதிரித்தான் தொடங்கும்: இந்தியாவில் பெண்கள் ஒடுக்கப்படுகிறார்கள், என் படம் அவர்களின் குரல். படிக்கிறவனுக்கு இது ஏற்கெனவே தெரியும். அவனுக்குத் தெரியாதது உன் வேனில் இருக்கிறது: முன்சீட்டு யாருக்கு, கடைசியில் ஏறும் பெண் ஏன் எப்போதும் நின்றுகொண்டே வருகிறாள், பஞ்சுத்தூசு ஒட்டிய தலையோடு விடிகாலையில் திரும்பும்போது யார் யாரிடம் பேசுவதில்லை. உன் சினாப்சிஸ் அங்கே தொடங்கட்டும். ‘ஒடுக்குமுறை’ என்ற சொல் ஒரு முறைகூட வராமல் எழுத முடியுமா என்று பார்.

வெளிநாட்டு நிதிக்கென்று கதையின் ஏழ்மையைக் கூட்டி எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஃபீஸும் வாங்குகிறார்கள். அந்தப் பக்கமே போகாதே. நடுவர்கள் அத்தனை முட்டாள்கள் இல்லை. அதற்கு மேல், அப்படி எழுதி ஜெயித்துவிட்டால் அந்தப் படத்தைத்தான் நீ எடுத்தாக வேண்டும்.

அடுத்து பட்ஜெட். இயக்குநர் சம்பளம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறாய். தியாகம் என்று நினைத்திருப்பாய். படிக்கிறவருக்கு அது, ‘இவன் எப்படிச் சாப்பிடுவான், பாதியில் விட்டுவிடுவானோ’ என்ற சந்தேகமாகத்தான் போய்ச் சேரும். நியாயமான ஒரு தொகை போடு. ஓடுகிற நூற்பாலைக்குள் சிங்க் சவுண்ட் என்று எழுதியிருக்கிறாயே, ஸ்பின்னிங் செக்‌ஷனில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்குமா? ஒன்று, டப்பிங் என்று எழுது. அல்லது பேச்சே இல்லாத காட்சியாக மாற்று. இரண்டாவதுதான் படத்துக்கும் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. பஞ்சுத்தூசில் கேமராவை எப்படிக் காப்பாற்றுவாய், மில் முதலாளி அனுமதி மறுத்தால் எங்கே எடுப்பாய், நடிக்கும் பெண்கள் அங்கேயே வேலை செய்கிறவர்கள் என்றால் அவர்கள் வேலைக்கு என்ன பாதுகாப்பு? இதற்கெல்லாம் ஒரு பக்கத்தில் பதில் எழுது. யாரும் கேட்காவிட்டாலும் எழுது. எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் தனியாக ஒதுக்கு.

உள்ளூரில் என்ன இருக்கிறது என்கிறாய். பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் ஆய்வுக்கும் கலைமுயற்சிகளுக்கும் நல்கை தருகிறது, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். கதைப்படத்துக்கான இடம் அல்ல அது. ஆனால் அந்த மில் பெண்களின் பாட்டுகளை நீ சேகரித்து வைத்திருக்கிறாயே, அதற்குப் பொருந்தலாம். கோவாவில் நவம்பரில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) நடத்தும் பிலிம் பஜார் பணத்தைவிட ஆளைத்தான் தரும். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ அங்கே போய்வந்த பிறகுதான் ரௌடி பிக்சர்ஸ் கைக்கு வந்து, 2021இல் ராட்டர்டாமில் டைகர் விருது வரை போனது. தமிழ்நாடு அரசின் சிறுமுதலீட்டுப் படங்களுக்கான மானியம் முடிந்த படத்துக்கு உரியது. அதை நம்பி எடுக்கத் தொடங்க முடியாது. கேரளத்தில் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி வரை முன்னாடியே கொடுத்து எடுக்க வைக்கிறது. சிவரஞ்சினியின் ‘விக்டோரியா’ அப்படி வந்ததுதான். இங்கே ஏன் அது இல்லை என்று உன் தலைமுறை சத்தமாகக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டது போதவில்லை.

வெளிநாட்டுப் பணம் கைக்கு வரும் முன் ஓர் ஆடிட்டரைப் பார். நன்கொடையாக வரும் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் குறுக்கே நிற்கும். இணைத் தயாரிப்பு ஒப்பந்தப்படி ஒரு கம்பெனிக்கு வரும் பணத்தின் கதை வேறு. உன் சேமிப்புக் கணக்கு எண்ணை எவனுக்கும் கொடுத்துவிடாதே.

எதுவும் வராவிட்டால்? ஜான் ஆபிரகாமின் ஒடெஸ்ஸா குழு ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் பணம் திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த அதே ஜான்தான். 2013இல் வெளிவந்த ‘லூசியா’ என்ற கன்னடப் படத்துக்குப் பவன் குமார் ரசிகர்களிடமே ஐம்பது லட்சம் அளவுக்குச் சேர்த்தார். சுலபம் என்று நினைக்காதே. பணம் போட்ட ஒவ்வொருவரும் எப்போ ரிலீஸ் என்று போன் பண்ணுவார்கள். அதை எடுத்துப் பேசும் பொறுமை உனக்கு இல்லை என்பது என் கணிப்பு. கோபித்துக்கொள்ளாதே.

இந்த மாதக் கடைசிக்குள் எனக்கு மூன்று காகிதம் அனுப்பு: ஒரு பக்க சினாப்சிஸ், இந்தப் படத்தை நீ ஏன் எடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம், ரூபாயில் பட்ஜெட். இங்கிலீஷில் வேண்டாம், தமிழிலேயே எழுது. மொழிபெயர்க்க ஆள் நான் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கும் பட்ஜெட்டில் ஒரு தொகை போட்டுவை.

அன்புடன்,
அண்ணன்