மெர்க்கில் மிதிக்காத பேஸ்

நம்பிக்கை: 1908இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணி லீக் பட்டத்தைக் கோட்டைவிட்டதற்கு ஃப்ரெட் மெர்க்கில் என்ற மரமண்டைதான் காரணம்.

உண்மை: செப்டம்பர் 23, போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். ஜயண்ட்ஸ் 1, சிகாகோ கப்ஸ் 1. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் ஜயண்ட்ஸின் மெக்கார்மிக். முதல் பேஸில் 19 வயது மெர்க்கில். வழக்கமாக ஆடும் டென்னிக்கு முதுகுவலி என்பதால் பையனுக்குக் கிடைத்த வாய்ப்பு அது. பிரிட்வெல் அடித்த பந்து நடுத்திடலுக்குப் பாய்ந்தது. மெக்கார்மிக் ஹோம் பிளேட்டை மிதித்தார். ஜெயித்தாச்சு என்று ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்தார்கள். இரண்டாம் பேஸுக்கு ஓடிக்கொண்டிருந்த மெர்க்கில், கூட்டத்தைப் பார்த்ததும் பாதியிலேயே திரும்பி உடைமாற்றும் அறைப் பக்கம் ஓடினார். கப்ஸ் வீரர் எவர்ஸ் பந்தை வரவழைத்து (அதே பந்துதானா என்பது இன்றும் தீராத வழக்கு) இரண்டாம் பேஸை மிதித்தார். மெர்க்கில் அவுட், ரன் செல்லாது என்றார் அம்பயர் ஓ'டே. இருட்டிவிட்டது, ஆட்டம் சமன்.

விதிப்படி சரிதான்: முதல் பேஸில் இருந்தவர் இரண்டாம் பேஸை மிதித்தாக வேண்டும்; அதற்குள் மூன்றாவது ஆளாக அவர் அவுட்டானால் ரன் செல்லாது. ஆனால் அந்தக் காலத்தில் எல்லா ஆட்டக்காரர்களும் அப்படித்தான் பாதியில் திரும்பினார்கள். எந்த அம்பயரும் கண்டுகொண்டதில்லை. அதே மாதம் 4ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் இதே தவறு, இதே எவர்ஸின் முறையீடு, இதே ஓ'டே. அன்று ரன் செல்லும் என்றுவிட்டார்!

அதன் பிறகும் பட்டம் ஜயண்ட்ஸின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிலடெல்பியாவின் புதுமுகப் பந்துவீச்சாளர் கோவலெஸ்கியிடம் ஐந்தே நாளில் மூன்று முறை தோற்றார்கள். சமனில் முடிந்த ஆட்டத்துக்குப் பதிலாக அக்டோபர் 8இல் நடந்த மறு ஆட்டத்திலும் 4-2 என்று கப்ஸிடம் வீழ்ந்தார்கள். இதில் எதற்கு மெர்க்கில் பொறுப்பு?

நம்பிக்கை: பயிற்சியாளர் மெக்ரா அவரை ஒதுக்கிவிட்டார்.

உண்மை: மெக்ரா ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை. சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தார். 1910இலிருந்து முதல் பேஸை நிரந்தரமாக ஒப்படைத்தார்.

நம்பிக்கை: அத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது.

உண்மை: 16 சீசன்கள் ஆடினார். 1911இல் மட்டும் 49 முறை பேஸ் திருடினார். கனமான உடம்புக்காரர்களின் இடம் என்று பெயரெடுத்த முதல் பேஸில் நின்றவருக்கு இது சாதாரணமல்ல. 1912இல் பேட்டிங் சராசரி .309. வேர்ல்ட் சீரிஸில் ஐந்து முறை ஆடினார், மூன்று வெவ்வேறு அணிகளுக்காக. ஐந்திலும் தோல்வி.