சனிக்கிழமை மேடை, ஞாயிற்றுக்கிழமை பூமலை: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஸ்ட்ரிங் ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிற தங்கச்சி, உன் கச்சேரி சனிக்கிழமை மாலையில்தான். ஆனால் அந்த வாரக் கடைசியை எப்படி நடத்துவது என்று புதன்கிழமைக்குள் வீட்டில் பேசி முடித்துவிடு. நீ எத்தனை மணிக்கு அரங்கத்தில் இருக்க வேண்டும், வீட்டார் எத்தனை மணிக்கு வந்தால் போதும் என்று இரண்டு நேரத்தையும் தனித்தனியாகக் காலண்டரில் எழுது. ஒரே நேரமாக எழுதினால், தாத்தாவும் பாட்டியும் மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்து பூட்டிய கதவுக்கு வெளியே காத்திருப்பார்கள்.

வெளியே போவது எல்லாமே கச்சேரிக்குப் பிறகுதான். இதில் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜொகூரிலிருந்து அத்தை வந்திருப்பார், "காலையில் முஸ்தபா கடைக்கு ஒரு நடை போய்விட்டு வந்துடலாம்" என்பார். நீ போகாதே. மத்தியானம் முழு ஒத்திகை, மாலையில் மேடை. தோளும் கழுத்தும் பல மணி நேரம் தாங்க வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை முழுக்க உங்களோடதான் அத்தை" என்று சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்று. நாள் குறித்துச் சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

கர்நாடக இசை வகுப்புக்கும் போகிறவளாக இருந்தால் இதைக் கட்டாயம் கவனி. நம் வீடுகளில் பல பிள்ளைகள் ஒரே வயலினில் இரண்டையும் வாசிக்கிறார்கள். பள்ளியில் ஜி, டி, ஏ, ஈ. பாட்டு டீச்சர் வீட்டில் ச-ப-ச-ப, அதுவும் டீச்சருடைய சுருதிக்கு. ஒரே வாரத்தில் தந்தியைத் தளர்த்துவதும் முறுக்குவதுமாக இருந்தால் அது எந்தச் சுருதியிலும் நிலைக்காது. மெல்லிய ஈ தந்தி அறுந்தும் போகும். விரலுக்கும் குழப்பம்தான். கமகத்துக்குச் சறுக்கிப் பழகிய விரல், ஆர்க்கெஸ்ட்ராவில் பத்துப் பதினைந்து பேரோடு சேர்ந்து ஒரே புள்ளியில் ஒரே நொடியில் விழ வேண்டும். அதனால் அந்த வாரம் மட்டும் பாட்டு டீச்சரிடம் சொல்லிவிட்டு, வயலின் எடுத்துப் போகாமல் வாய்ப்பாட்டாகக் கற்றுக்கொள். கச்சேரி என்று சொன்னால் டீச்சருக்கு எல்லாம் புரியும்.

புதுத் தந்தி மாட்டுவதென்றால் குறைந்தது ஒரு வாரம் முன்னால் மாட்டு. புதிது இழுபட்டு இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். மாற்றிய பழைய தந்தி நன்றாக இருந்தால் எறியாமல் பெட்டியிலேயே வை. கடைசி நேரத்தில் அறுந்தால், ஏற்கெனவே இழுபட்ட தந்திதான் சீக்கிரம் நிலைக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் பிருடை உப்பி இறுகிக்கொள்ளும், அரங்கத்தின் குளிர்சாதனக் காற்றில் சுருங்கி நழுவும். ஆகவே அரங்கத்துக்குப் போனதும் பெட்டியைத் திறந்து வை. வயலின் அந்த அறையின் குளிருக்குப் பழகட்டும், அரை மணி நேரம் கழித்துச் சுருதி சேர்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீடா உன்னுடையது? அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சியாவது சொல். வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். அதில் தேங்காய் எண்ணெய் பட்டுவிட்டால் அந்த இடத்தில் ரோசின் பிடிக்காது, வில் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும், ஒலி வராது. தலையில் வைத்த எண்ணெய் எப்படியும் கைக்கு வந்துவிடும். கைக்குத் தடவுகிற கிரீமும் அப்படித்தான். எந்த நாளிலும் வில்லை அடிப்பகுதியில் பிடி, மயிரைத் தொடாதே.

உடை முழுக் கறுப்பு என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு வியாழக்கிழமையே உட்கார்ந்து ஒரு முறை வாசித்துப் பார். கை மேலே தூக்கும்போது தோளில் பிடிக்கிறதா என்பது நிற்கும்போது தெரியாது. வளையலைக் கழற்றிவிடு, அமைதியான இடத்தில் அது ஒரு சின்ன மணி அளவுக்குக் கேட்கும். ஜிமிக்கி வேண்டாம், இடது காதில் தொங்குவது வயலின் உடம்பில் தட்டும். சின்னத் தோடு போதும். நீளமான பின்னலைச் சுற்றிக் கொண்டை போட்டுக்கொள். இடது கை நகத்தை முந்தின நாளே வெட்டு, அன்றைக்கே ஒட்ட வெட்டினால் விரல் நுனி வலிக்கும்.

சாப்பாடு எளிது. மத்தியானம் தயிர்சாதம் அல்லது இட்லி, மாலையில் ஒரு வாழைப்பழம், தண்ணீர். பிரியாணி இரவுக்கு. எம்ஆர்டியில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். அதனால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் இடையில் நீண்ட ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் கஷ்டமான நான்கு அடியையே வேகமாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு இருக்காதே. கை களைத்துப்போகும், பயமும் கூடும். ஒரு முறை மெதுவாக, பாதி வேகத்தில் வாசி. பிறகு வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஸ்டாண்டில் உன்னோடு உட்காரும் தோழியோடு சேர்ந்து நோட்டைப் புரட்டிப் பார். உள்பக்கம் உட்கார்ந்திருப்பவள்தான் பக்கம் திருப்ப வேண்டும். எந்த அடியில் வாசிப்பதை நிறுத்திக் கை நீட்டுவாள் என்று இருவரும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். 2பி பென்சில் வைத்துக்கொள், மேடை விளக்கில் நன்றாகத் தெரியும், அழிக்கவும் சுலபம்.

இப்போது வீட்டாரைப் பற்றி. சபா கச்சேரி கேட்டு வளர்ந்த தாத்தா, நல்ல இடம் வந்தால் தலையாட்டி "பலே" என்பவர், தொடையில் தாளம் போடுபவர். அவர் ரசிப்பது உயர்ந்த ரசனை. ஆனால் இங்கே வழக்கம் வேறு என்பதை அரங்கத்தில் யாரோ திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதே. நீயே முந்தின நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல். பள்ளி ஆர்க்கெஸ்ட்ராக்கள் அடிக்கடி எடுக்கிற 'செயின்ட் பால்ஸ் ஸ்வீட்' உங்கள் நிகழ்ச்சியில் இருக்கிறது என்று வைத்துக்கொள். லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்த குஸ்தாவ் ஹோல்ஸ்ட், தம் மாணவிகள் வாசிக்கவென்றே எழுதியது. 1922இல் அச்சில் வந்தது. நான்கு பகுதிகள். நடுவில் மூன்று முறை சத்தம் நிற்கும், அப்போது கைதட்டல் இல்லை. நடத்துநர் கையை இறக்கித் திரும்பிய பிறகுதான் கைதட்டல். கடைசிப் பகுதியில் வேகமான நாட்டுப்புற மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'கிரீன்ஸ்லீவ்ஸ்' மெட்டும் கூட வந்து சேரும், "அது எங்கே நுழைகிறது என்று பாருங்கள் தாத்தா" என்று சொல். தேட ஒன்று கொடுத்துவிட்டால் அவர் கச்சேரி முழுக்க உன் கூடவே இருப்பார்.

முடிந்ததும் எல்லாரும் பூவோடு நிற்பார்கள். நீ உடனே ஓடாதே. முதலில் வில்லைத் தளர்த்து. தந்தியிலும் மேல்பலகையிலும் படிந்த ரோசின் தூளை உலர்ந்த துணியால் துடை. பெட்டியைப் பூட்டு. அதற்கு ஆகிற பத்து நிமிடத்தை முன்பே சொல்லிவைத்து, எந்தத் தூணருகில் சந்திப்பது என்றும் முடிவு செய்துகொள். சாப்பிடப் போகும்போது வயலின் உன் தோளிலேயே வரட்டும். காரில் விட்டுப் போகக் கூடாது, இரவானாலும் கூடாது. பகலில் என்றால் கேட்கவே வேண்டாம்: வெயிலில் பூட்டி நிற்கும் கார் சீக்கிரமே 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வயலின் பலகைகளை ஒட்டியிருக்கும் விலங்குப் பசை அந்தச் சூட்டில் இளகி, ஓரம் திறந்துகொள்ளும்.

ஞாயிறு நீ வாக்குக் கொடுத்த நாள். பாட்டியும் வருகிறார் என்றால் என் ஓட்டு பூமலைக்குத்தான். பூமலை என்று நாம் சொல்கிற, 1859இல் தொடங்கிய பொட்டானிக் கார்டன்ஸ், 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட், மற்ற இடமெல்லாம் இலவசம். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். உள்ளே சிம்பனி ஏரியின் நடுவே ஒரு மேடை இருக்கிறது, சில வார இறுதிகளில் இலவசக் கச்சேரி நடக்கும். அன்றைக்கு உண்டா என்று பார்த்துவைத்துக்கொள். பாயும் புளியோதரையும் எடுத்துப் போய்ப் புல்லில் உட்கார்ந்து கேட்கலாம், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து எது வயோலா, எது செல்லோ என்று காட்டலாம். வயலின் வீட்டிலேயே இருக்கட்டும், இடது கைக்கும் அன்று விடுமுறை.

மாலையில் வீடு திரும்பினால் "எங்கே, நேற்று வாசித்ததைக் கொஞ்சம் வாசி" என்பார்கள். நீ இரண்டாம் வயலின். ஹோல்ஸ்டின் இரண்டாம் பகுதியில், இரண்டாம் வயலின்கள் தொடங்கிவைக்கிற ஒரு சின்னச் சுரக்கோவை முடிவு வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல்தான் மற்றவர்களின் மெட்டு நிற்கிறது. அதைத் தனியாக வாசித்தால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது, உனக்கும் மனம் சுருங்கும். அதற்காகவே முழுசாகத் தெரிந்த ஒரு சின்னப் பாட்டைத் தயாராக வைத்துக்கொள். கீர்த்தனையோ சினிமாப் பாட்டோ, எதுவானாலும் சரி. இரண்டு நிமிடம் போதும். பாட்டி இன்னொன்று கேட்டால் இன்னொன்று வாசி.

படுக்கப் போகும் முன் நோட்டு ஃபைலைப் பையில் வை, திங்கட்கிழமை பள்ளியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பள்ளி வயலின் என்றால் ஷோல்டர் ரெஸ்ட், ரோசின் எல்லாம் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார். வீட்டுப்பாடத்தை வெள்ளி இரவே முடித்திருப்பாய் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இப்போதே எனக்கு போன் பண்ணு, கணக்கை நாம் சேர்ந்து போட்டுவிடலாம்.