கவணும் கல்லெறி பொறியும்

கைக்கு எட்டாத தொலைவிற்குக் கல்லைச் செலுத்த மனிதன் கண்ட கருவிகளுள் மிகப் பழையது கவண். கவணை என்றும் இதனை நம் நூல்கள் வழங்கும். இதன் வகைகளையும் பயன்களையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

இயக்கும் விசையை நோக்கின் கல்லெறி கருவிகள் நால்வகைப்படும். முதலாவது சுழற்சி. தோலாலோ நாராலோ அமைத்த பையிற் கல்லை இட்டு, அதன் இருபுறக் கயிறுகளையும் ஒரு கையிற் பற்றிச் சுழற்றி, ஒரு நுனியை விடின் கல் விரைந்து பாயும். கயிற்றின் நீளம் கையின் நீளத்தோடு கூடுதலால் வேகம் மிகுகின்றது. ஆட்டிடையனாகிய தாவீது கோலியாத்தை வீழ்த்தியது இக்கவணினாலேயே.

இரண்டாவது வளைவு. நாணின் நடுவே சிறு பை அமைத்துக் களிமண் உண்டையை எய்யும் உண்டிவில் இவ்வினத்தது. கவைக்கொம்பில் ரப்பர் பூட்டிச் சிறுவர் கொண்டு திரியும் கருவியும் இதற்கு உறவினதே. ஆயினும், கந்தகம் கூட்டி ரப்பரை உரப்படுத்தும் முறை 1839இல் அறியப்பட்ட பின்னரே அது தோன்றியதாதலின், வயதில் மிக இளையது.

மூன்றாவது முறுக்கு. நரம்பையும் மயிரையும் கயிறாக்கி முறுக்கி, அம்முறுக்கினூடே மரக்கையைச் செருகி விசைப்பது கிரேக்கரும் உரோமரும் கையாண்ட முறை. நான்காவது துலா. நம் வயற்கிணற்று ஏற்றத்தை நினைப்பின் இது விளங்கும். துலாவின் ஒரு தலையைப் பலர் கூடி இழுப்பர், அல்லது அதிற் பெரும்பாரம் கட்டித் தாழ்த்துவர். மறுதலையிலுள்ள கல் மேலெழுந்து மதிலைத் தாக்கும். கி.பி. 712ஐ ஒட்டிச் சிந்து நாட்டுத் தேபல் நகரை அராபியர் முற்றியபோது, 500 பேர் இழுத்து இயக்கிய 'மணமகள்' என்னும் பொறி அங்கே கல் வீசிற்று என வரலாறு கூறும். அழிவு செய்யும் பொறிக்கு அத்தகைய பெயர் இட்டது வியப்பே.

இனி, நம் இலக்கியத்திற்கு வருவோம். கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியுள், 41ஆம் பாட்டில் ஒரு கவண்கல்லின் செலவு காணப்படுகின்றது. மழை பெய்யும் நள்ளிரவிற் புனத்தை மேயும் யானையின் அடியோசை கேட்ட கானவன், பரண்மீது ஏறிக் கல்லை விடுகின்றான். அக்கல் வேங்கைப் பூவைச் சிதறி, ஆசினிப் பழத்தை உதிர்த்து, தேனிறாலைத் துளைத்து, மாங்கொத்தை உழக்கி, வாழை மடலைக் கிழித்து, முடிவிற் பலாப்பழத்துள் தங்கிவிடுகின்றது. யானையின் உடலிற் பட்டதாகப் புலவர் கூறினாரல்லர். விளைவைக் காப்பதே கானவன் கருத்து, கொல்லுதல் அன்று.

இக்கவணே நகரத்திற்கு வந்தபொழுது மதிலில் ஏறிற்று. மாதரி கண்ணகியை அழைத்துச் செல்லும் வழியில் இருந்த மதுரை மதிற்பொறிகளை அடைக்கலக்காதை அடுக்கிக் கூறுகின்றது. அவற்றுள் வளைவிற்பொறியும் கல் உமிழும் கவணும் உள. எருசலேமின் கோபுரங்கள்மீது உசியா அரசன் அம்பும் பெருங்கல்லும் எறியும் இயந்திரங்களை வைத்ததனைத் திருமறையும் கூறும். இவ்விரண்டிடத்தும் பொறி காவலின் பொருட்டே நின்றது.

வெடிமருந்து வந்தபின் கல்லின் இடத்தைக் குண்டு பற்றியது. அதன் சுவடு நம் கடலூரிலேயே உண்டு. 1690இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்குக் கொண்டனர். கோட்டையைச் சூழப் பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைக்குட்பட்ட நிலமும் அவர்க்கே உரியது என்பது உடன்படிக்கை. அவ்வாறே பீரங்கி சுடப்பட்டது. குண்டின் எல்லைக்குட்பட்ட ஊர்கள் 'குண்டுக் கிராமங்கள்' எனப் பெயர்பெற்றன. உழுது விளைத்த ஊரவரின் இசைவை அவ்வுடன்படிக்கை வேண்டிற்றில்லை. அக்கோட்டைக்குத் தாவீதின் பெயர் வைத்தனர். அவர் கவண் எறிந்த தாவீது அல்லர். வேல்சு நாட்டுத் திருத்தொண்டர் என்பர்.

சிதம்பரத்திலோ, வழிபாட்டிற்கு எடுத்த மதில்களே அரணாயின. 1781 சூன் திங்களில் அயிதர் அலியின் படை கோயிலுள் இருந்தது. அதனைத் தாக்கிய அயர் கூட்டு என்னும் ஆங்கிலத் தளபதி பின்னிட நேர்ந்தது.

இவற்றை ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கானவன் தன் புனத்தின் எல்லையைக் காக்கக் கல் எறிந்தான். கம்பெனியாரோ குண்டு விழுந்த இடத்தையே தம் எல்லையாக்கினர். எறிதல் என்னும் தொழில் ஒன்றே. இரண்டையும் வேறாக்கியது எறிந்தவரின் எண்ணமே.

இவ்வேறுபாடு பழங்கதையன்று. பிச்சாவரத்துச் சதுப்புக் காடுகளுக்குப் பறவைகள் வருகின்றன. காட்டுப் பறவைகளை வேட்டையாடுதலை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. ஆயினும், கவைக்கொம்பும் ரப்பரும் கைக்கு வந்தவுடன் கிளையிலிருக்கும் குருவியைக் குறிபார்க்கும் ஆசை சிறுவர்க்கு எழுகின்றது. யாமும் அவ்வாசைக்கு விலக்கானவரல்லேம். புளியங்கொம்பில் தொங்கும் காயைக் குறிபார்ப்பினும் கண்ணும் கையும் அதே பயிற்சியைப் பெறும், குருவியும் பிழைக்கும். கபிலரின் கல் பலாப்பழத்துள் தங்கியதனை இளையோர்க்கு எடுத்துச் சொல்லுதல், தமிழ் பயில்வார் செய்யத்தக்க சிறு தொண்டாகும்.