ஊசி குத்தியதை மறைத்த நாற்பது மணி நேரம்

ஹவுஸ் சர்ஜனாக மெடிசின் வார்டில் இருந்தபோது, ஒரு ராத்திரி இரண்டே முக்கால் மணிக்கு என் இடது ஆள்காட்டி விரலில் ஊசி குத்தியது. ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போட்டேன். மூடியின் விளிம்பில் வழுக்கி ஊசி விரலில் இறங்கியது. வலி பெரிதாக இல்லை. கையுறைக்குள்ளே மிளகளவு சிவப்பு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே நகம் வரைக்கும் பரவியது.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 2016 விதிகளின்படி எந்தக் கழிவு எதில் போகும் என்பதைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியவன் நான். ஆனால் ஊசி போடும் வெள்ளை டப்பா வார்டின் அந்தக் கோடியில், சிஸ்டர் மேஜை மேல் இருந்தது. தரையில் படுத்திருந்த உறவினர்களைத் தாண்டி, திறந்த ஊசியோடு இருட்டில் நடப்பதைவிட மூடிக் கொண்டுபோவது மேல் என்று பட்டது. ரத்தம் எடுக்கச் சொல்லிக்கொடுத்த பி.ஜி. அண்ணனும் மூடி போட்டுத்தான் எடுத்துப்போவார். வகுப்பில் கேட்டது தலையில் இருக்கும். கையோ, பார்த்துப் பழகியதைத்தான் செய்யும்.

என்னை அதிகம் படுத்தியது அதற்கு அடுத்து நான் செய்த காரியம். யாரிடமும் சொல்லவில்லை. முந்தைய வாரம்தான் என் கூடப் படித்தவள் ஒருத்தி இதையே சொல்லப்போய், "ஊசி பிடிக்கத் தெரியாம எப்படிம்மா பாஸ் பண்ணின?" என்று ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். அதைப் பார்த்த நான் கையைக் கழுவி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலமே அந்த நோயாளியை வீட்டார் கேட்டு அழைத்துப் போய்விட்டார்கள். கேஸ் ஷீட்டில் இருந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டேன். மறுநாள் சாயங்காலம், குத்தி நாற்பது மணி நேரம் ஆன பிறகு, வயதான ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். "ஏன் தம்பி அன்னைக்கே சொல்லலை?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். கையோடு கேஷுவால்டிக்குக் கூட்டிப்போய் முதல் மாத்திரையை என் கண் முன்னாலேயே வாங்கிக் கொடுத்தார்.

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் அந்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் தொடங்குவதில் பயனில்லை. அதில் பாதிக்கு மேல் நான் பயத்திலேயே கரைத்திருந்தேன். அன்றே சொல்லியிருந்தால், நோயாளியின் சம்மதத்தோடு அவர் ரத்தத்தைப் பார்த்திருப்பார்கள். எதுவும் இல்லை என்று தெரிந்திருந்தால் ஓரிரு நாளில் மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். ஆள் போய்விட்டதால் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை 28 நாள். குமட்டல், தூக்கமின்மை. ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனை. ஊருக்குப் போனால் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் இரண்டு டோஸ்தான் போட்டிருந்தேன்; ஆறாம் மாத டோஸைப் பரீட்சை நேரம் என்று விட்டிருந்தேன். எதிர்ப்புச் சக்தியின் அளவு பத்துக்குக் கீழே. இம்யூனோகுளோபுலின் ஊசியை அப்பா அனுப்பிய பணத்தில் வெளியே வாங்கினேன். ஊசிக் குத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி-க்கோ, எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு நூற்றில் முப்பது வரை போகும். நான் ராத்திரியெல்லாம் பயந்தது முதலாவதற்கு.

கை கழுவ ஆல்கஹால் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. ஹவுஸ் சர்ஜனாகப் போகும் உங்களுக்கு இது மனப்பாடம். இதையும் மனப்பாடம் செய்யுங்கள்: ஊசி குத்தினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் திட்டினால் திட்டட்டும்; நோயாளி வார்டில் இருக்கும்போதே திட்டு வாங்குங்கள். டப்பா எட்ட இருந்தால், ரத்தம் எடுக்கும் முன்பே அதைத் தூக்கிக் கட்டிலருகே வையுங்கள்.

எங்களுக்குத் தொற்றுத் தடுப்பு வகுப்பு எடுத்தவர் மருத்துவர் செம்மல்வைஸ் பற்றிச் சொன்னார். 1847, வியன்னா, குளோரின் கரைசலில் கை கழுவுதல். ஆனால் அந்த மனிதருக்குப் பொறி தட்டியதே ஒரு குத்துக் காயத்தால்தான். பிரேதப் பரிசோதனையில் மாணவர் ஒருவரின் கத்தி பட்டு செம்மல்வைஸின் நண்பர் கொலெட்ச்கா இறந்துபோனார். அவர் உடலில் கண்ட மாற்றங்கள், பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்டவற்றைப் போலவே இருந்தன. அந்தக் கதையை வகுப்பில் சொல்லவில்லை. ராத்திரி இரண்டே முக்காலுக்குக் குத்தினால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேர வகுப்பில் அதற்கு ஒரு நிமிடம் போதும்.

என் ஆறு மாத ரிப்போர்ட்டும் நெகட்டிவ்தான். இப்போது என் யூனிட்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களிடம் முதல் நாளே தடுப்பூசி அட்டையைக் கேட்கிறேன். டோஸ் பாக்கி இருந்தால், போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் ஊசியைத் தொட விடுவேன். காலை வேலை இதனால் தாமதமாகிறது என்று பக்கத்து யூனிட்டில் குறை சொல்கிறார்கள். ஆகட்டும்.