கிடார் ஆம்ப்ளிஃபையருக்கு எந்த மைக்?

என் மகன் கல்லூரி விழாவில் எலக்ட்ரிக் கிடார் வாசித்தான். அதை லேப்டாப்பில் பதிவு செய்யும் பொறுப்பை நான் ஏற்றுக் கொண்டேன். வீட்டில் பேசப் பயன்படுத்தும் சிறிய கம்ப்யூட்டர் மைக்கை ஆம்ப்ளிஃபையர் முன் வைத்தேன். வீட்டிற்கு வந்து கேட்டால் டிரம்ஸ் சத்தமும் கரகரப்பும்தான் இருந்தன. "அப்பா, என் கிடார் எங்கே?" என்றான். அந்த நிகழ்ச்சி திரும்ப வரப் போவதில்லை. உங்களுக்கும் இப்படி நேரக் கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

எங்கே தவறினேன்? அந்த மைக் பேச்சுக் குரலுக்கானது. ஆம்ப்ளிஃபையரின் பெரும் சத்தத்தை அதனால் தாங்க முடியவில்லை. நாலாபுறமும் வரும் ஒலியையும் சேர்த்தே வாங்கியது. அப்படி உடைந்த ஒலியை எந்த சாஃப்ட்வேராலும் முழுமையாகச் சரி செய்ய முடியாது.

மைக் வகைகள்

1. டைனமிக்: காந்தத்திற்குள் சிறு கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் உண்டாக்கும். மின்சப்ளை தேவையில்லை. அதிக சத்தத்தையும் அடிபடுவதையும் தாங்கும்.

2. கண்டென்சர்: நுணுக்கமான ஒலிகளையும் பிடிக்கும். பெரும்பாலானவற்றிற்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேண்டும். மேடையில் பக்கத்து வாத்தியங்களையும் எளிதில் வாங்கிவிடும்.

3. ரிப்பன்: இனிமையான ஒலி தரும். ஆனால் உள்ளே இருக்கும் உலோகத் தகடு மிக மெல்லியது. விலையும் அதிகம்.

புதியவர்கள் டைனமிக் வகையையே வாங்குங்கள். 1965-இல் ஷூர் நிறுவனம் வெளியிட்ட எஸ்எம்57 இன்றும் கிடார் ஆம்ப்ளிஃபையர்களின் முன் காணப்படும் மைக். இது 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியை வாங்கும். இது கார்டியாய்டு வகை. அதாவது முன்பக்க ஒலியை நன்றாக வாங்கும், பின்பக்க ஒலியைப் பெரிதும் தவிர்க்கும். எனவே மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் பின்பக்கம் வரும்படி அமையுங்கள்.

வைக்கும் இடம்

ஸ்பீக்கரை மூடியிருக்கும் துணியிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. தள்ளி வையுங்கள். ஸ்பீக்கரின் நடுமையத்திற்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாக இருக்கும். ஓரத்திற்கு நகர்த்தினால் மென்மையாகும். மிக நெருங்கினால் பாஸ் கூடும்.

கம்ப்யூட்டருடன் இணைப்பது

இந்த மைக்கில் மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பு இருக்கும். கன்வெர்ட்டர் வாங்கி கம்ப்யூட்டரின் பிங்க் நிற மைக் ஜாக்கில் செருகாதீர்கள். ஒலி மிகக் குறைவாகவும் இரைச்சலாகவும் இருக்கும். எக்ஸ்எல்ஆர் இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். மேடையில் மைக் மிக்ஸருக்குப் போகும். மிக்ஸரில் யுஎஸ்பி இருந்தால் அங்கிருந்தே லேப்டாப்புக்கு எடுக்கலாம். ஆனால் பல சிறிய மிக்ஸர்கள் எல்லா வாத்தியங்களையும் கலந்தே அனுப்பும். வாங்கும் முன் இதைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

பதிவு செய்ய இலவச சாஃப்ட்வேரான அடாசிட்டி போதும். கிடாரை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லி, மீட்டர் -12 முதல் -6 டெசிபல் வரை மட்டுமே எட்டும்படி கெயினைக் குறையுங்கள். 0-ஐத் தொட்டால் ஒலி உடையும்.

நிகழ்ச்சிக்கு முன் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். நான் செய்யத் தவறியது அந்த ஒரு நிமிட வேலையைத்தான்.